பஸ்ஸை எல்லாருக்கும் இலவசமாக்கலாமா?

பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டார்: "தமிழ்நாட்டில் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அதையே எல்லாருக்கும் கொடுத்தால் என்ன? பொதுப் போக்குவரத்தை முழுக்க இலவசமாக்குவதில் நல்லது எது, கெட்டது எது?"

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மாவட்டக் கிளைகளில் பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்தவன். எந்த நடை (பஸ் ஒரு தடவை போய்வருவதை நாங்கள் நடை என்போம்) எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நடையில் எவ்வளவு கலெக்‌ஷன் வருகிறது, ஆள் இல்லாத நாளில் எந்த நடையை நிறுத்துவது என்பதுதான் என் தினசரி வேலை. அந்த இடத்திலிருந்துதான் இதைச் சொல்கிறேன்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் காசு இல்லாததால் வீட்டோடு இருந்தவருக்கு இலவசம் மிகப் பெரிய உதவி. பஸ்ஸே வராத ஊரில் இருப்பவருக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. நம் ஊரில் இரண்டு வகை மனிதர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தை இந்த இருவரில் யாருக்கு முதலில் செலவு செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

முதலில் நம் ஊரில் நடந்ததைப் பார்ப்போம். 2021 மே 7-ம் தேதி முதல்வராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின் அன்று கையெழுத்துப் போட்ட முதல் ஐந்து ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகலாம் என்பது. மறுநாளே அமலுக்கு வந்தது. இரண்டு நாளில் கொரோனா முழு ஊரடங்கு வந்து பஸ்களே நின்றன. அதனால் இந்தத் திட்டத்தின் உண்மையான ஆரம்பம் பஸ்கள் மறுபடியும் ஓடத் தொடங்கிய பிறகுதான். அப்புறம் திருநங்கையரும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருபவரும் சேர்க்கப்பட்டார்கள். 'விடியல் பயணம்' என்று பெயர் வந்தது. ஆரம்பத்தில் இதற்காக அரசு போட்ட கணக்கு வருடத்துக்கு 1,200 கோடி ரூபாய். 2023-24 பட்ஜெட்டில் அது 2,800 கோடி, 2025-26-ல் 3,600 கோடி. நாலே வருடத்தில் மூன்று மடங்கு. இதை வீண்செலவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது. காசு மட்டுமே தடையாக இருந்து நின்றுபோன பயணங்கள் எத்தனை இருந்திருக்கின்றன என்று யாருக்குமே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. எங்கள் கலெக்‌ஷன் புத்தகத்தில் ஏறியவர்களின் கணக்கு மட்டும்தான் இருக்கும். ஏற முடியாமல் நடந்து போனவர்களின் கணக்கு இருக்காது.

சென்னையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மறுகுடியமர்வுப் பகுதிகள் இருக்கின்றன. நகரத்தின் நடுவில், ஆற்றோரங்களில் குடியிருந்தவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், முன்பு நடந்து போன இடத்துக்குத் தினமும் பஸ் ஏற வேண்டியதாயிற்று. சிலருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நாலு வீட்டில் வேலை செய்தால் வரும் சம்பளத்தில் ஒரு வீட்டுச் சம்பளம் பஸ்ஸுக்கே போய்விடும் என்றால், பலர் அந்த வேலையை விட்டுவிடத்தான் செய்வார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு இந்தத் திட்டம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில், இந்தத் திட்டத்தைப் பயன்படுத்தும் பெண் ஒருவர் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று வந்தது. மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் அது ஒரு நாள் ஓட்டல் செலவு. எட்டாயிரம் ரூபாயில் குடும்பம் நடத்தும் வீட்டில் அது கேஸ் சிலிண்டர்.

காசு மிச்சமானது மட்டும் இல்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும் என்றால் கணவரிடம் கேட்க வேண்டும், மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலையில் இருந்த பெண்கள் நிறைய. அம்மா வீட்டுக்குப் போகவும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும் கூடக் கணக்கு சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி இப்போது எழுவதில்லை. முன்பு சாதாரண டவுன் பஸ்களில் ஏறுபவர்களில் பெண்கள் பத்துக்கு நாலு பேர் அளவில் இருந்தார்கள். திட்டத்துக்குப் பிறகு அது ஆறைத் தாண்டியது.

அட்டவணை போட்டவன் என்ற முறையில் நான் முக்கியமாக நினைக்கும் ஒன்று உண்டு. பஸ் காலை எட்டிலிருந்து பத்து வரையும், சாயந்திரம் ஐந்திலிருந்து ஏழு வரையும் நிரம்பி வழியும். நடுப்பகலில் அதே பஸ் பாதி காலியாக ஓடும். டிரைவர், கண்டக்டர் சம்பளம், டீசல் எல்லாம் ஒன்றுதான். காலி சீட்டில் ஒருவர் உட்கார்ந்தால் கழகத்துக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெண்களின் பயணங்கள் பெரும்பாலும் இப்படி நடுப்பகலிலும் வரும். சந்தை, ரேஷன் கடை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அழைத்து வருவது, வயதானவர்களை மருத்துவரிடம் கூட்டிப் போவது என்று ஒரே நாளில் மூன்று நாலு சின்னப் பயணங்கள். அதனால் இந்த இலவசத்தின் ஒரு பகுதி, எப்படியும் ஓடப்போகும் காலி சீட்டுகளை ஏழைக்குக் கொடுத்ததுதான். அந்தப் பகுதிக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். செலவு வருவது காலை, மாலை நெரிசல் நேரத்தில். அங்கே கூடுதலாக ஐம்பது பேர் வந்தால் இன்னொரு பஸ் வேண்டும், அதற்கு இன்னொரு டிரைவரும் கண்டக்டரும் வேண்டும்.

கெடுதல்கள் என்று பார்த்தால் அவை இந்த நெரிசலிலிருந்துதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டிலும் சேர்த்து சுமார் 20,000 பஸ்கள். அதில் பெண்கள் காசில்லாமல் ஏறக்கூடிய சாதாரண டவுன் பஸ் ஏழாயிரத்துச் சொச்சம். பெண் பயணிகளின் எண்ணிக்கை ஏறிய வேகத்துக்கு பஸ் எண்ணிக்கை ஏறவில்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். பெங்களூருவில் ஆறாயிரத்துக்கு மேல். லட்சம் பேருக்கு 40 முதல் 60 பஸ் வேண்டும் என்பது நகரப் போக்குவரத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவுகோல். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் சென்னைப் பெருநகருக்கு அந்தக் கணக்கில் குறைந்தது நாலாயிரமாவது வேண்டும். இப்படி பஸ் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் டிக்கெட்டை எடுத்துவிட்டால் நெரிசல் கூடும். நெரிசலில் முதலில் அடிபடுவது, இந்தத் திட்டம் யாருக்காக வந்ததோ அதே பெண்கள்தான். படிக்கட்டில் தொங்க முடியாது. கைக்குழந்தையோடு முண்டியடிக்க முடியாது.

அடுத்தது மரியாதை. இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒருபோதும் நினைக்கமாட்டேன். டிரைவர், கண்டக்டர்களுக்கு வசூலை வைத்து பேட்டா, அதாவது சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் படி, கணக்கிடும் பழக்கம் எங்கள் துறையில் பழையது. வசூல் கொண்டுவராத பயணி அந்த மனக்கணக்கில் பாரமாகிவிடுகிறார். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ் தள்ளிப்போய் நிற்பது, அல்லது நிற்காமலே போவது என்று எத்தனையோ ஊர்களிலிருந்து புகார் வந்தது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 2022-ல் ஒரு அமைச்சரே மேடையில் பெண்களைப் பார்த்து 'ஓசி' பயணம் என்று பேசினார். அதன் பிறகு கோவையில் ஒரு பாட்டி எனக்கு இலவச டிக்கெட் வேண்டாம், காசு வாங்கிக்கொள் என்று கண்டக்டரிடம் சண்டை போட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. டீசல் முதல் தீப்பெட்டி வரை எல்லாவற்றிலும் வரி கட்டுகிறவர் அவர். அந்த டிக்கெட்டை அவர் வேறு வழியில் ஏற்கெனவே வாங்கிவிட்டார்.

எல்லாருக்கும் இலவசம் என்ற யோசனையின் மிக நல்ல பக்கம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். எல்லாரும் காசில்லாமல் ஏறினால் யாரையும் ஓசி என்று சொல்ல முடியாது. பூங்காவுக்கும் நூலகத்துக்கும் தெருவிளக்குக்கும் யாரும் தனியாகக் காசு கட்டுவதில்லை, அங்கே யாரும் குனிந்து நிற்பதும் இல்லை. பஸ்ஸும் அப்படி ஆகிவிடும். சில்லறைச் சண்டை இருக்காது. செக்கிங் தேவைப்படாது. எல்லாக் கதவுகளிலும் ஏறி இறங்கலாம் என்பதால் நிறுத்தத்தில் நிற்கும் நேரம் குறையும். வெளிநாட்டில் இலவசத்தை ஆதரிப்பவர்கள் டிக்கெட் வசூலிக்கும் செலவே மிச்சம் என்பார்கள். நம் ஊரில் அந்த மிச்சம் பெரிதாக இருக்காது. நம் கண்டக்டர் டிக்கெட் மட்டும் கொடுப்பவர் இல்லை. விசில் அடிப்பது, கதவைப் பார்ப்பது, வயதானவரை ஏற்றி இறக்குவது, நெரிசலில் தகராறு வந்தால் தீர்ப்பது எல்லாம் அவர்தான். தவிர, இலவசமாகப் போகும் பெண்களுக்கும் பூஜ்ய மதிப்பில் ஒரு சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு இல்லாமல் அரசிடம் ஈடு கேட்க முடியாது.

அந்த ஈட்டுப் பணத்தில்தான் மொத்த விஷயமும் நிற்கிறது. பஸ் இலவசம் என்றால் பயணி கொடுத்த காசை இனி அரசு கொடுக்கிறது என்று அர்த்தம். 3,600 கோடியை நாள் கணக்கில் பார்த்தால் தினமும் பத்துக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் ஐம்பது லட்சத்துக்கு மேல் பெண்கள் ஏறுகிறார்கள் என்று வைத்தால் ஒரு பயணத்துக்கு இருபது ரூபாய்க்கும் குறைவு. ஒரு பெண் வேலைக்குப் போய்வர அரசு செலவு செய்யும் தொகை அது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் உயர்ந்தது. அப்போது சென்னையில் டீசல் லிட்டருக்கு எழுபது ரூபாய்க்கும் கீழே. அப்புறம் டீசல் தொண்ணூறைத் தாண்டிப் போனது, சம்பளம் ஏறியது, உதிரிபாக விலை ஏறியது. டவுன் பஸ் கட்டணம் ஏழு வருடத்துக்கு மேல் அசையவில்லை. ஈட்டுத் தொகையைப் பழைய கட்டணத்தில் கணக்கிட்டால், கழகம் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அந்தத் தேய்மானம் உடனே கண்ணுக்குத் தெரியாது. டயர் மாற்றுவது தள்ளிப்போகும், ஓய்வு பெற்றவருக்குப் பணிக்கொடை தள்ளிப்போகும், காலி இடத்துக்கு டிரைவர் எடுப்பது தள்ளிப்போகும். 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓய்வூதியர்களின் அகவிலைப்படி நிலுவை அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர் தன் சொந்தப் பணத்துக்காக ஆபீஸ் படி ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இலவசப் பயணத்தின் செலவில் ஒரு பங்கு அவர் மேல் விழக் கூடாது.

சரி, தேய்மானம் கடைசியில் எங்கே போய் முடியும்? நடை குறைப்பில். இதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். இலவசத் திட்டமெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஆள் பற்றாக்குறை. கிலோமீட்டருக்கு வசூல் குறைவாக இருந்த நடைகளின் பட்டியல் கேட்டார்கள். ஒரு உள்கிராமத்துக்குக் காலையில் ஆறே முக்காலுக்குப் போய்வரும் நடை அதில் முதலில் இருந்தது. எழுதிக் கொடுத்தேன், நிறுத்தினார்கள். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மெயின் ரோட்டு நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்கள். கூடவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களிடம் இலவச பஸ் பாஸ் இருந்தது. ஏறுவதற்குப் பஸ்தான் இல்லை. கட்டணம் உயர்ந்தால் பேப்பரில் வருகிறது, போராட்டம் நடக்கிறது. ஒரு நடை நின்றால் அந்த ஊரைத் தவிர யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அந்த ஊருக்கு அது எந்தக் கட்டண உயர்வையும் விடப் பெரிய உயர்வு.

வெளிநாட்டு உதாரணங்களும் இந்தக் கதையைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் 2012-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி 1 முதல் நகரவாசிகளுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. அந்த ஊரில் முகவரி பதிந்தவர்களுக்கு மட்டும்தான் இலவசம். பதிந்தால் அவர்களுடைய வருமான வரியில் ஒரு பங்கு நகராட்சிக்கு வரும் என்பதால், அக்கம்பக்கத்தில் வாழ்ந்து பதியாமல் இருந்தவர்கள் பலர் வந்து பதிந்தார்கள். டிக்கெட்டில் போனது வரியில் திரும்பி வந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் சாலையில் கார் குறையும் என்று எதிர்பார்த்தது பெரிதாக நடக்கவில்லை. புதிதாக பஸ் ஏறியவர்களில் நிறைய பேர் முன்பு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள்.

லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாவற்றையும் இலவசமாக்கியது. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அங்கே ஆண்டுச் செலவு சுமார் 50 கோடி யூரோ, டிக்கெட்டில் வந்தது சுமார் 4 கோடி யூரோ. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத காசை விட்டுக்கொடுப்பது ஒரு பணக்கார நாட்டுக்குச் சுலபம். அப்படியும் ஐரோப்பாவில் ஆளுக்குக் கார் அதிகம் இருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்றாகத்தான் தொடர்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் வடக்கு பிரான்சின் டன்கெர்க். சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் துறைமுகப் பகுதி. 2018 செப்டம்பரில் அங்கே பஸ்ஸை முழுக்க இலவசமாக்கினார்கள். அதே நாளில் தடங்களை மாற்றியமைத்து, முக்கியத் தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று கூட்டினார்கள். வார நாள்களில் பயணிகள் பாதிக்கு மேல் அதிகரித்தார்கள், வார இறுதியில் இரண்டு மடங்குக்கு மேல். டிக்கெட்டும் போனது, காத்திருப்பும் குறைந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் அந்தக் கூட்டம் வந்தது என்று நான் நம்புகிறேன். அதற்கான பணம் அந்தப் பகுதி நிறுவனங்கள் கட்டும் போக்குவரத்து வரியிலிருந்து வந்தது. எந்தப் பணத்தில் ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் டிக்கெட்டை எடுத்தார்கள்.

அப்படித் தீர்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தின் ஹாசெல்ட் இருக்கிறது. 1997-ல் நகர பஸ்ஸை இலவசமாக்கி, நடைகளையும் பல மடங்கு கூட்டினார்கள். பயணிகள் பத்து மடங்குக்கு மேல் பெருகினார்கள். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. பயணிகள் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. பதினாறு வருடம் தாக்குப்பிடித்து, 2013-ல் பெரும்பாலானவர்களுக்கு மறுபடியும் டிக்கெட் போட்டார்கள்.

டிக்கெட்டை எடுத்தால் பைக்கிலும் காரிலும் போகிறவர்கள் பஸ்ஸுக்கு வந்துவிடுவார்கள் என்பது பலர் வைக்கும் நம்பிக்கை. அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. கட்டணம் 10 சதவீதம் மாறினால் பயணிகள் எண்ணிக்கை 3 சதவீதம் அளவில்தான் மாறும் என்பது போக்குவரத்துத் துறையில் ரொம்ப காலமாக இருக்கும் பொதுக்கணக்கு. பைக் வைத்திருப்பவர் பெட்ரோலுக்குச் செலவு செய்துகொண்டே பஸ்ஸைத் தவிர்க்கிறார் என்றால், அவருக்குப் பிரச்சினை பத்து ரூபாய் டிக்கெட் இல்லை. நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்பதும், வந்த பஸ்ஸில் கால் வைக்க இடம் இல்லாததும்தான். அவரை பஸ்ஸுக்குக் கொண்டுவர எட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும், அது சிக்னலில் மாட்டாமல் போகத் தனி வழி வேண்டும், நிறுத்தத்தில் நிழல் வேண்டும். புகை குறையும், நெரிசல் குறையும் என்ற நன்மைகளெல்லாம் அவர் வந்தால்தான் கிடைக்கும். இலவசம் மட்டும் அவரைக் கொண்டுவராது.

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் இன்னும் சில பாடங்கள் உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ல் 'சக்தி' திட்டம் வந்தது. நகர பஸ் மட்டும் இல்லாமல், மாநிலத்துக்குள் நீண்ட தூரம் போகும் சாதாரண பஸ்களும் பெண்களுக்கு இலவசம். கோயில் ஊர்களுக்குப் பெண்கள் குழுகுழுவாகக் கிளம்பினார்கள். வாழ்நாளில் சொந்த மாவட்டத்தைத் தாண்டாத பெண் ஒருவர் தர்மஸ்தலாவுக்குப் போய்வந்தால் அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் செலவு கூடிக்கொண்டே போய், 2025 ஜனவரியில் அங்கே பஸ் கட்டணத்தை 15 சதவீதம் உயர்த்தினார்கள். அந்த உயர்வை நேராகக் கட்டியது காசு கொடுத்து ஏறும் ஆண்கள். அவர்களில் கூலிக்காரர்களும் உண்டு. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் பெண்களுக்கு இலவசம் வந்ததும் ஆட்டோ ஓட்டுநர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நம் ஊரிலும் ஷேர் ஆட்டோக்காரர்களும், கோவை, சேலம், திருச்சி பக்கம் டவுன் பஸ் ஓட்டும் தனியார் முதலாளிகளும் பெண் பயணிகளை இழந்தார்கள். பஸ் முதலாளி எப்படியாவது சமாளிப்பார், கடனில் ஆட்டோ வாங்கியவர் சமாளிப்பது கஷ்டம். இந்த இழப்பை இலவசத்தை எதிர்ப்பவர்கள் பெரிதாக்கிப் பேசுகிறார்கள், ஆதரிப்பவர்கள் பேசுவதே இல்லை. பஸ் போகாத உள்தெருக்களுக்கு இணைப்பு வண்டியாக அந்த ஆட்டோக்களை முறைப்படுத்தியிருக்கலாம்.

தமிழ்நாடு இதை டவுன் பஸ்ஸோடு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு என்பது என் கருத்து. தினசரிப் பிழைப்புக்கான பயணம் அங்கேதான் நடக்கிறது. அதில் ஒரு ஓட்டையும் உண்டு. மப்சல் பஸ், அதாவது ஊர்விட்டு ஊர் போகும் பஸ், மட்டுமே போகும் ஊர்கள் ஏராளம். அங்கே இருக்கும் பெண்ணும் அதே தூரம் போகிறார், அதே கூலி வாங்குகிறார், ஆனால் முழு டிக்கெட் எடுக்கிறார். மலைப்பகுதிகளில் டவுன் பஸ் என்ற வகையே குறைவு என்பதால், பின்னால் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை பக்கம் திட்டத்தை விரித்தார்கள். சமவெளியிலும் இப்படி விட்டுப்போன ஊர்களைக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லாருக்கும் இலவசம் இப்போது வேண்டுமா? வேண்டாம் என்பது என் பதில். கொள்கையில் எனக்கு எதிர்ப்பு இல்லை. வரிசைதான் முக்கியம். ஆண்கள் கொடுக்கும் டிக்கெட் காசையும் எடுத்துவிட்டால், கழகத்தின் டீசலும் சம்பளமும் முழுக்க முழுக்க ஒவ்வொரு வருட பட்ஜெட்டையும் நம்பி நிற்கும். நல்ல வருடத்தில் வரும். கெட்ட வருடத்தில் பாதி வரும், மீதி நிலுவையாகும். அப்போது யாராவது ஒரு அட்டவணைக்காரர் என்னைப் போல உட்கார்ந்து நடைகளை வெட்டுவார்.

அதே பணம் கையில் இருந்தால் நான் முதலில் நெரிசல் நேரத்துக்குக் கூடுதல் சாதாரண டவுன் பஸ் வாங்குவேன், அதற்கு டிரைவர், கண்டக்டரை நிரந்தரமாக எடுப்பேன். ஒரு பஸ்ஸுக்கு ஐந்தாறு ஊழியர் தேவைப்படும். பஸ்ஸை மட்டும் வாங்கி ஆள் எடுக்காமல் விட்டால் அது கிளையில் நின்று துருப்பிடிக்கும். அடுத்து, ஈட்டுத் தொகையை வெற்றுப் பயணிக் கணக்கில் மட்டும் கொடுக்காமல், ஓட்டிய நடைகளின் கணக்கோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன். அப்போது கிராமத்து நடையை ஓட்டுவது கழகத்துக்கு நஷ்டமாகத் தெரியாது. பேட்டாவில் பூஜ்யச் சீட்டுக்கும் காசுச் சீட்டுக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாது. அப்புறம் அறுபது வயது தாண்டிய ஆண்களுக்கு, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை சாதாரண டவுன் பஸ்ஸை இலவசமாக்குவேன். சென்னையில் 2016 முதல் அறுபது கடந்தவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்கள். அதைக் காலி சீட்டு ஓடும் நேரத்துக்கு மாநிலம் முழுக்க விரித்தால் செலவு அதிகம் வராது. கூலி வேலைக்குப் போகும் ஆண்களுக்கு விலை குறைந்த மாதாந்திர பாஸ் அதற்கடுத்து. இதெல்லாம் நடந்து, காத்திருப்பு குறைந்து, நிலுவை இல்லாமல் கழகம் மூச்சு விட்ட பிறகு எல்லாருக்கும் இலவசம் என்று யாராவது சொன்னால், நானே முதலில் கை தூக்குவேன்.

அந்த மாணவிக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்தேன். பெண்களுக்குக் கொடுக்கும் பூஜ்யச் சீட்டுகள் எந்திரத்தில் தடம் வாரியாக, நடை வாரியாகப் பதிவாகின்றன. எந்த ஊரில் எத்தனை மணிக்கு எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று இவ்வளவு துல்லியமான கணக்கு எங்கள் காலத்தில் கிடையாது. அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டக் கிளைகளிடம் கேளுங்கள். பக்கத்தில் அந்தத் தாலுகாவின் கிராமங்களின் பட்டியலை வையுங்கள். ஒரு சீட்டுகூடப் பதிவாகாத ஊர்களை வட்டம் போடுங்கள். அப்புறம் நேரில் அந்த ஊர்களுக்குப் போய், கடைசியாக எந்த வருஷம் எத்தனை மணி பஸ் வந்தது என்று அங்கே இருக்கும் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நிமிடம் வரை ஞாபகம் இருக்கும்.